இடது கைக்கு ஒரு பாக்கெட்

அனகாபுத்தூர்,
8.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஃபாயிசாவும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதப் பேனா வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். அண்ணியும் அய்மானும் நலம்தானே?

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ம் கொட்டுவேன். வைத்த பிறகுதான் நான் சொல்ல வந்தது ஞாபகம் வரும். கடிதத்தில் நான் முடிக்கிறவரை உங்களால் குறுக்கே வர முடியாது. இந்த விஷயத்தை இனி எழுத்தில்தான் பேசுவேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

ஃபாயிசாவுக்கு ஒரு வருடமாக இழுப்பு. எங்கள் சந்துக் கோடியில் கான்கிரீட் கலக்கும் பிளான்ட் வந்த கதை உங்களுக்குத் தெரியும். பெரிய பெரிய சிமெண்ட் டேங்க் மூன்று. டேங்கர் லாரி வந்து நின்றால் தெருவே சாம்பல் பூசிக்கொள்கிறது. காயப்போட்ட துணியை உதறினால் எனக்கே தும்மல். பதினோரு வயதுப் பிள்ளை ஸ்கூல் பையைத் தூக்க முடியாமல் வாசற்படியில் உட்காருகிறாள்.

கடையில் விற்கிற காற்று சுத்தம் செய்யும் மிஷின் நமக்குக் கட்டாது. நானே ஒன்று செய்யப்போகிறேன். அயனைசர். டயோடும் கண்டன்சரும் ஏணி மாதிரி மாற்றி மாற்றி வைத்து, வீட்டுக் கரண்டை ஆறாயிரம் வோல்ட் வரை ஏற்றி, ஊசி முனையில் விடுவது. அந்த ஊசி முனைக்குப் பக்கத்தில் வரும் தூசியெல்லாம் சார்ஜ் ஏறி, போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சர்க்யூட் படம் கிடைத்துவிட்டது. அவர் மவுத்தாகி நான் தனியான பிறகு ஆறு வருடமாக மிக்ஸிக்கும் மோட்டாருக்கும் காயில் சுற்றிச் சாப்பிடுகிறவள் நான். எனக்கு இது புரியாததில்லை. ஆனால் ஆறாயிரம் வோல்ட்டை நான் தொட்டதில்லை. நீங்கள் இருபது வருடம் டி.வி. மெக்கானிக்காக இருந்தவர், பிக்சர் டியூபுக்குப் பின்னால் கை விட்டவர்.

செய்யாதே என்று எழுத வேண்டாம். எது எது ஆளைக் கொல்லும் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் துஆவை வேண்டும்,
குல்ஷன்


நாவலூர்,
19.9.2024

அன்புத் தங்கை குல்ஷனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் நலம். எனக்கு முட்டிவலி மட்டும் ஒன்பதாவது மாடியை ஞாபகப்படுத்துகிறது, லிப்ட் நின்றால்.

மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. பிடிவாதத்தில் நீ நம் அத்தாவேதான். சரி, எழுதுகிறேன்.

செய்யாதே. அதை எழுத வேண்டாம் என்று நீ சொன்னாலும் முதலில் அதைத்தான் எழுதுவேன். கேட்க மாட்டாய் என்று தெரியும், அதனால் மீதியைக் கவனமாகப் படி. கொல்கிறது ஆறாயிரம் வோல்ட் இல்லை, அதற்குப் பின்னால் வரும் கரண்ட். அதை மட்டுப்படுத்த, கடைசிப் படிக்கும் ஊசிக்கும் நடுவில் பத்து மெக் ரெசிஸ்டர் மூன்று வரிசையாகப் போடு. ஊசியைத் தொட்டால் கிள்ளுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஏணியின் அடிப்படியில் வீட்டுக் கரண்ட் நேராக இருக்கிறது. உங்கள் வீட்டு பிளக்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் பெட்டி முழுக்க எமன்தான். டெஸ்டர் வைத்துப் பார். நீதான் காயில் சுற்றுகிறவளாயிற்றே, ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்பார்மர் சுற்றி நடுவில் போட்டுவிடு, அப்புறம் அடிப்படியை எர்த்தில் கட்டு.

பிளக்கைப் பிடுங்கினால் முடிந்தது என்று நினைக்காதே. கண்டன்சருக்குள் கரண்ட் உட்கார்ந்திருக்கும். ஐந்து நிமிஷம் பொறு. அப்புறம் ரெசிஸ்டர் கட்டிய குச்சியால் ஒவ்வொரு படியாகத் தொட்டு இறக்கு. வளையல், மோதிரம் கூடாது. காலுக்கு ரப்பர் செருப்பு. முக்கியமானது ஒன்று: நான் வேலை கற்ற பல்லாவரம் டி.வி. கடையில் எனக்கு முதல் நாளே சொன்னது. இடது கை எப்போதும் பேண்ட் பாக்கெட்டுக்குள். ஒரு கையால் தொட்டால் கை உதறும். இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும்.

இத்தனை பாடும் எதற்கு? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இரு. கம்பெனி கொடுத்த வீடு, காற்று நன்றாக வரும்.

அன்புடன்,
அத்தாவுல்லா


அனகாபுத்தூர்,
27.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், லிப்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை. இங்கே இந்த வாரம் இரண்டு நாள் நெபுலைசர் வைத்தோம். இப்போது பரவாயில்லை.

உங்கள் பேண்ட் பாக்கெட்டைப் படித்துச் சிரித்துவிட்டேன். சுடிதாரில் ஏது பாக்கெட்? உலகத்தில் கரண்ட் வேலையெல்லாம் ஆம்பிளைக்கு என்று தைத்துவைத்திருக்கிறார்கள். நேற்று என் பழைய டாப்ஸில் இடது பக்கம் ஆழமாக ஒரு பாக்கெட் வைத்துத் தைத்தேன். இனி அதுதான் என் யூனிபார்ம். டிரான்ஸ்பார்மரும் சுற்றியாகிவிட்டது. பிளக்கில் பேஸ் மாறித்தான் இருந்தது, நீங்கள் சொல்லாவிட்டால் பார்த்திருக்க மாட்டேன். அதற்கு நன்றி.

நாவலூருக்கு வர மாட்டேன். நான் வந்துவிட்டால் என் கடையும் அவள் ஸ்கூலும் கூடவே வருமா? இது எங்கள் வீடு. தூசிதான் போக வேண்டும்.

ஒன்று கவனித்தேன். நீங்கள் எவ்வளவோ எழுதினீர்கள், அந்த பிளான்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நீங்களும் கட்டடக் கம்பெனியில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர்தானே, ஏன் இவ்வளவு தூசி வருகிறது என்று தெரிந்திருக்குமே?

அண்ணிக்கு ஸலாம் சொல்லுங்கள்,
குல்ஷன்


நாவலூர்,
10.10.2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாமும் துஆவும். பிள்ளையின் உடம்பு தேறி வருவது கேட்டு நிம்மதி. கூரியரில் ரெசிஸ்டரும் நல்ல கண்டன்சரும் அனுப்பியிருக்கிறேன். தெருக்கடைச் சரக்கை நம்பாதே.

பெட்டிக்கு மூடி வை. மூடியைத் திறந்தால் தானாகக் கரண்ட் போகிற மாதிரி ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். இது மிக முக்கியம். அந்த சுவிட்சுக்குக் குறுக்கே ஒருநாளும் ஒயர் வைக்காதே. வேலை அவசரம், இன்று ஒருநாள் மட்டும் என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். குறுக்கே ஒயர் போட்ட அன்றோடு அது சுவிட்ச் இல்லை, பொம்மை.

தூசி எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. ஜன்னலைச் சாத்தி வை.

அத்தாவுல்லா


அனகாபுத்தூர்,
29.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம் என்று இந்த முறை தைரியமாகவே எழுதுகிறேன்.

மிஷின் ஓடுகிறது. ஒன்பது படி ஏணி. பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா, தையல் மிஷின் ஊசி ஐந்து. பற்றவைத்த இடமெல்லாம் கரண்ட் கசியுமே, அதற்கு நம் காயில் வார்னிஷையே மூன்று கோட் அடித்துவிட்டேன். ஊசிக்கு முன்னால் புறங்கையைக் காட்டினால் சில்லென்று காற்று வருகிறது. ஊதுவத்திப் புகையைக் காட்டினேன், புகை அப்படியே வளைந்து சுவரைப் பார்த்து ஓடியது. ஃபாயிசா கைதட்டினாள். முன் அறையில் அலமாரி மேல், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். மூன்று ராத்திரியாக இருமல் இல்லாமல் தூங்குகிறாள்.

வாசனைகூட வருகிறது. மிக்ஸி மோட்டாரை முடித்து முதல் தடவை ஓட விடும்போது கார்பனில் பொறி பறந்து ஒரு வாசனை வருமே, அதே வாசனை. எங்கள் கடையில் அந்த வாசனை வந்தால் மோட்டாருக்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இன்னும் ஆறு படி சேர்க்கப்போகிறேன்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். ஊசியை நிமிர்த்தும்போது மூடி திறந்தே இருக்க வேண்டியிருந்தது. சுவிட்சுக்குக் குறுக்கே துண்டு ஒயர் ஒன்றை மாட்டினேன். அரை மணி நேரத்துக்குத்தான். எடுக்க மறந்து மூன்று நாள் ஆகிவிட்டது. மூடி திறந்தால் கரண்ட் போய்விடும் என்ற நினைப்பில் உள்ளே கை விட்டேன், வலது கை தோள் வரை உதறித் தள்ளியது. இடது கை பாக்கெட்டில் இருந்தது. இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

குல்ஷன்


அனகாபுத்தூர்,
24.11.2024

அண்ணனுக்கு,

ஸலாம். உங்களிடமிருந்து பதில் இல்லை. கை உதறியதைக் கேட்டுக் கோபமா? இருந்தாலும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்ல?

ஃபாயிசா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நேற்றுத்தான் வந்தோம். பதினைந்து படி போட்டு மிஷினை விட்ட ஐந்தாம் நாள் மூச்சு முட்டிவிட்டது. அங்கே ஜென்சி என்று ஒரு நர்ஸ், வீட்டில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று ஒன்றொன்றாகக் கேட்டாள். நான் பெருமையாக மிஷினைப் பற்றிச் சொன்னேன், வாசனையையும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா, அது ஓசோன். இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது" என்றாள்.

ஊர்ப்பட்ட தூசியிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நானே என் பிள்ளையின் மூச்சைப் பிடித்திருக்கிறேன். எனக்கு உயிர் வாசனையாகப் பட்டது அவளுக்கு விஷம். இரண்டு நாள் என் கையை என்னாலேயே பார்க்க முடியவில்லை.

மிஷினை நிறுத்திவிட்டேன். அலமாரிக்குப் பின்னால் சுவர் எப்படி இருக்கிறது தெரியுமா? கருஞ்சாம்பலாக ஆள் உயரத்துக்குப் படிந்திருக்கிறது. இதெல்லாம் அவள் நெஞ்சுக்குள் போக வேண்டியது.

குல்ஷன்


நாவலூர்,
2.12.2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். பிள்ளைக்கு ஷிஃபா கிடைக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். அண்ணி அழுதாள்.

தப்பு என்னுடையது. அந்த வாசனையைப் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஆளைக் கொல்வதை மட்டும் கேட்டாய், அதை மட்டும் எழுதினேன். பழையபடி ஒன்பது படிக்கு இறக்கு, வாசனை வந்தால் அதற்கும் கீழே இறக்கு. பிள்ளை இருக்கும்போது போடவே போடாதே. யாரும் இல்லாத அறையில் ஓட விட்டு, நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு அப்புறம் அவளை விடு. பழைய மோகத்தில் நானும் உன்னைத் தடுக்காமல் விட்டுவிட்டேன்.

சுவரை ஈரத்துணியால் துடைத்து வெள்ளை அடித்துவிடு. பார்க்கப் பார்க்க மனசுதான் கெடும்.

அத்தாவுல்லா


அனகாபுத்தூர்,
16.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். ஃபாயிசா நேற்று ஒரு தோசை முழுசாகச் சாப்பிட்டாள். அது எங்கள் வீட்டில் பெருநாள்.

வெள்ளை அடிக்க மாட்டேன். அந்தச் சுவர்தான் எனக்குச் சாட்சி.

பிள்ளையைப் பின் அறைக்கு மாற்றிவிட்டேன். முன் அறையில் அவள் ஸ்கூலுக்கோ, ஞாயிறு என்றால் ஓதும் வகுப்புக்கோ போன பிறகு மட்டும் ஒன்பது படியில் மிஷினை விடுகிறேன். வாசனை இல்லை. ஊசிக்குப் பின்னால் தினம் ஒரு வெள்ளைச் சார்ட் தாள், மூலையில் தேதி. எதிர்வீட்டு சவுரிமுத்து அண்ணன் ஆட்டோவை பிளான்ட் கேட்டுக்கு எதிரில்தான் போட்டிருப்பார், தினம் எத்தனை டேங்கர் உள்ளே போனது என்று சொல்கிறார். அதையும் தாளில் எழுதிவிடுகிறேன். டேங்கர் வராத ஞாயிறு தாள் வெளுப்பு. ஐந்து டேங்கர் வந்த செவ்வாய்த் தாளில் விரலால் கோலம் போடலாம். இதற்கு மேல் இது யார் வீட்டுத் தூசி என்று சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம்.

நேற்று சவுரிமுத்து அண்ணன் ஒன்று கேட்டார். "இன்னாமா, போன வருஷம் ஆடியில உங்க அண்ணன் அந்த பிளான்ட்டாண்ட பைக்ல வந்துகினு இருந்தாரே, கரண்ட் பொட்டிய தொறந்து வேலை பாத்தாரே, வூட்டுக்கு வரலியா?" ஆள் மாறியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். இங்கே வரை வந்து எங்கள் வாசலை மிதிக்காமல் போகிறவரா நீங்கள்?

அய்மானுக்குப் பரீட்சை எப்போது?

குல்ஷன்


அனகாபுத்தூர்,
4.2.2025

அண்ணனுக்கு,

ஸலாம். ஏழு வாரம். இரண்டு வரிகூட இல்லை.

நேற்றுத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாள். நாற்பத்தொரு சார்ட் தாளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் சந்தில் பதினேழு பேர் கையெழுத்து. பிளான்ட்டிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். இதெல்லாம் அடுப்புக் கரி என்றார். நான் சளைக்கவில்லை. தாளிலிருந்து சுரண்டியதை டின் மூடியில் போட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நாள் வைத்திருந்தேன், கல்லாக இறுகிக் கிடந்தது. அதை அவருக்கு முன்னால் மேஜை மேலேயே கவிழ்த்துத் தட்டினேன். எந்த ஊர் அடுப்புக் கரி தண்ணீர் விட்டால் இறுகும் என்று கேட்டேன். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவர் அசரவில்லை. டேங்க் உச்சியில் ஃபில்டர் இருக்கிறதாம். ஃபில்டர் ஓடாவிட்டால் சிமெண்ட் ஏற்றுகிற வால்வு திறக்கவே திறக்காதாம், மிஷினே விடாதாம். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்றார். எனக்குப் புரிந்தது. மூடி திறந்தால் கரண்ட் போகிற சுவிட்ச் மாதிரிதான் அதுவும். அந்த சுவிட்சை எப்படி ஏமாற்றலாம் என்று எனக்குத் தெரியும், நானே மூன்று நாள் ஏமாற்றியவள். பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். பதினேழாம் தேதி ஆதாரத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணா, ஒரே ஒரு கேள்வி. அந்த பிளான்ட்டில் ஃபில்டர் ஓடாமல் சிமெண்ட் ஏறுமா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுதுங்கள். எழுதாவிட்டாலும் அது பதில்தான்.

குல்ஷன்


நாவலூர்,
9.2.2025

குல்ஷனுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை.

ஆம். ஏறும்.

போர்டில் வேறு பெயர் இருக்கிறது, முதலாளி ஒருவர்தான். நான் சம்பளம் வாங்குகிற அதே முதலாளி. லாரியிலிருந்து சிமெண்டைக் காற்றழுத்தத்தில் டேங்குக்கு ஏற்றும்போது அந்தக் காற்று உச்சி வழியாக வெளியே வந்தாக வேண்டும். ஃபில்டர் தூசியைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் விடும். போன வருஷத்துக்கு முந்தைய ஆடியில் ஃபில்டர் பை அடைத்து அடிக்கடி டிரிப் ஆனது, சிமெண்ட் ஏறவில்லை. இங்கே எங்கள் கட்டடத்தில் ஸ்லாப் போட வேண்டும், லாரி காத்திருக்கிறது. இரண்டே நாளைக்கு என்றார்கள். நான்தான் வந்து பெட்டியைத் திறந்து குறுக்கே ஒயர் போட்டேன். புது பை வரும், வந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பை வரவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டால் இந்த ஒன்பதாவது மாடி போய்விடும்.

சவுரிமுத்து பார்த்தது என்னைத்தான். அன்று உன் சந்து முனையில் வண்டியை நிறுத்தினேன். ஃபாயிசாவின் யூனிபார்ம் கொடியில் காய்ந்தது. உள்ளே வந்தால் சொல்லிவிடுவேன் என்று பயந்து திருப்பிக்கொண்டு போனேன். பிள்ளைக்கு இழுப்பு என்று நீ முதலில் சொன்னபோதே தெரியும். உனக்கு ரெசிஸ்டர் அனுப்பினேன், உண்மையை அனுப்பவில்லை. நீ ஒயரை மூன்று நாள் மறந்ததாக எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். நான் மறக்கக்கூட இல்லை, ஒன்றரை வருடமும் ஞாபகம் இருந்தது.

நேற்று அங்கே போனேன். பெட்டியைத் திறந்து போட்டோ எடுத்துவிட்டு என் கையாலேயே கழற்றினேன். அடுத்த டேங்கர் வந்தது, வால்வு திறக்கவில்லை. முதலாளிக்குப் போன் போனது. வேலை போய்விட்டது, வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள். அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒயரை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு நிறம், நான்கு அங்குலம். போட்டோவும், கையெழுத்துப் போட்ட வாக்குமூலமும் இருக்கிறது. என்னை விட்டுவிடு, இவற்றைக் கொண்டுபோய்க் கொடு.

அத்தாவுல்லா


அனகாபுத்தூர்,
12.2.2025

அண்ணனுக்கு,

ஸலாம்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கத்தான் முதலில் கை போனது. அன்று முழுக்க ஒரு காயில்கூடச் சுற்ற முடியவில்லை. உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்த நோன்புக்குள் ஆறாது, அடுத்த நோன்புக்குள்ளும் ஆறுமா தெரியாது. அதை மறைத்து எழுத எனக்கு வராது. மூன்று நாளாகத் தெருவில் டேங்கர் நிற்கவில்லை. இன்றைய தாள் ஞாயிற்றுக்கிழமைத் தாள் மாதிரி வெளுப்பாக இருக்கிறது. ஃபாயிசா மொட்டை மாடிவரை தானே ஏறிப் போய்விட்டு வந்தாள். காரணம் கேட்டாள். நான் சொல்லவில்லை. அவள் மாமா சொல்லட்டும்.

என்னை விட்டுவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். விட மாட்டேன். காகிதத்தைக் காட்டினால் டை கட்டியவர் அதற்கும் ஒரு கதை சொல்வார். நாளைக்கே புது பை மாட்டிவிட்டு, என்றைக்கும் ஓடியது என்பார். போட்டவரே வந்து, இந்தப் பெட்டியில், இந்த இடத்தில், இவர் சொல்லி நான் போட்டேன் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். ஒயரைத் திருப்பி அனுப்புகிறேன். அதை மேஜையில் வைக்க வேண்டியது உங்கள் கை.

வீடு காலி செய்தால் இங்கே முன் அறை இருக்கிறது, மிஷினை எடுத்துவிடுகிறேன். அண்ணியையும் அய்மானையும் அழைத்து வாருங்கள். அது கோபம் ஆறியதால் இல்லை, அது வேறு கணக்கு.

பதினேழாம் தேதி காலை எட்டு மணிக்கு முதலில் என் வாசலுக்கு வாருங்கள், இந்த முறை சந்து முனையில் நிற்காமல். இங்கிருந்து சேர்ந்து போவோம். உங்களுக்குப் பழக்கமாயிற்றே, கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். அன்றைக்கு வேண்டாம். இரண்டு கையையும் வெளியே வைத்துக்கொண்டு வாருங்கள்.

தங்கை,
குல்ஷன்